கருப்புசாமியின் எண்ணிலிருந்து வந்த அழைப்பு

என் பெயர் மயிலாள், வயது 57, கணவர் பெயர் கருப்புசாமி (காலமாகிவிட்டார்). பொங்கலூரில் குடியிருந்துகொண்டு, திருப்பூரில் எக்ஸ்போர்ட் மிச்ச பனியன் விற்கும் சிறு கடை நடத்தி வருகிறேன். என் மகன் பிரதீப் கொடுத்த புகார் சம்பந்தமாக நேரில் ஆஜராகிச் சொல்வதாவது:

இன்று காலை இனேஸ் என்ற போர்ச்சுகல் நாட்டுச் சுற்றுலாப் பெண் என் கடையில் குழந்தைச் சட்டைகள் எடுத்தார். கையில் ரூபாய் இல்லை, கார்டை ஏ.டி.எம். ஏற்கவில்லை, பணம் செலுத்தும் செயலியோ இந்திய எண் கேட்கிறது என்று அவர் பேசியதை அவர் போனே மொழிபெயர்த்துத் தமிழில் சொன்னது. முகம் வாடியிருந்ததால் "சோறு உண்டயா கண்ணு?" என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். என் தக்காளிச் சோற்றைக் கொடுத்தேன். காரம் தாங்காமல் கண்ணீர் விட்டுக்கொண்டே மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அதன் பிறகு, என் சிம் கடைக்கு வேண்டும் என்பதால், கடையிலேயே வைத்திருக்கும் என் கணவர் போனிலிருந்த சிம்மைக் கழற்றி அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். கணவர் இறந்த பிறகும் அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்து வருகிறேன். ஏன் என்று இதை எழுதும் ஏட்டம்மா கேட்டதற்கு, நிறுத்த மனசு வரவில்லை என்றேன். செயலி வேலை செய்தது. லாட்ஜுக்கும் பணம் கட்டிவிட்டு, பையை எடுத்துவந்து சிம்மைத் தருவதாகச் சொல்லி, என் எண்ணை வாங்கிக்கொண்டு போனார்.

அதன் பிறகு என் போன் அடித்தது. திரையில் என் கணவர் பெயரும் அவர் சிரிக்கும் போட்டோவும் வந்தன. அந்தப் பெண்தான் கூப்பிடுகிறார் என்று தெரியும். எடுத்தால் வேறு குரல் கேட்கும் என்பதால் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடைக்கு வழி மறந்து, அதைக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார். பிறகு ரயிலுக்கு நேரமாகி நிலையத்துக்குப் போய்விட்டார். அதன் பிறகு கடைக்கு வந்த என் மகன், அப்பா போனில் சிம் இல்லாததைப் பார்த்து அந்த எண்ணுக்குப் பேச, இங்கிலீஷில் பெண் குரல் கேட்டதும், நான் வாய் திறப்பதற்குள் சிம் திருட்டு என்று புகார் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடிவிட்டான். அவன் அப்பனும் அப்படித்தான், ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டார்.

ரயில் நிலையத்திலிருந்து போலீஸார் அழைத்துவந்த அந்தப் பெண் இப்போது இங்கே எதிர் பெஞ்சில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கொச்சி ரயிலை விட்டால் அவர் விமானமும் போய்விடும். அவர் எதையும் திருடவில்லை. நானே கொடுத்தேன், நானே போனை எடுக்காமல் இருந்தேன். இறந்தவர் பெயரில் எண் வைத்திருக்கக் கூடாது, அதை ரத்து செய்யச் சம்மதித்தால் புகாரை முடித்துவிடலாம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். "ரத்து பண்ணிக்கோங்க சாமி, அந்தப் புள்ளைய வண்டிக்கு அனுப்பிவுடுங்க" என்றேன்.

ஏட்டம்மா வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, பொய் இல்லை.

(ஒப்பம்) க. மயிலாள்