மேனேஜருக்கு உடம்பு சரியில்லை

ஆமை வளர்ப்பதில் ஒரு வசதி உண்டு, மேடம். அது குரைக்காது, சோபாவைக் கிழிக்காது, பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்லிக்கொண்டு வரமாட்டார். ஒரு தட்டு கீரை, கொஞ்சம் வெயில், அவ்வப்போது வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு குளியல், அவ்வளவுதான். நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். முதல் என்றால் எனக்கு அந்த ஆமைதான்.

என் மகளுக்குப் பத்து வயதானபோது வாங்கினோம். அப்போது உள்ளங்கையில் அடங்கிவிடும். யார் என்ன செய்தாலும் கழுத்தை நீட்டி ஒரு சந்தேகப் பார்வை பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பிப் போகும். அதனால் மகள் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். என் மனைவி காய் நறுக்கும்போது காலடியில் வந்து நிற்கும். "ஐயா ரவுண்ட்ஸ் வந்துட்டாரு, எல்லாரும் ஒழுங்கா வேலையப் பாருங்க" என்பாள். மூன்று பேரும் சிரிப்போம். எங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைவே இருந்ததில்லை.

மகள் கல்யாணமாகிப் போனாள். பஸ்ஸில் ஏழு மணி நேரத் தொலைவு. பிறகு மனைவியும் போய்ச் சேர்ந்தாள். நானும் மேனேஜரும் மிஞ்சினோம்.

நான் முப்பத்தொரு வருடம் ஒரு மருத்துவமனையில் கம்பவுண்டர். மருந்தை அளந்து கலந்து கொடுப்பது என் வேலை. ஒரு தடவைகூட அளவு தப்பியதில்லை என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரே எனக்கு வினையாகிவிட்டது. ஒருமுறை மூன்று நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு மகளுக்குப் போன் செய்தேன்.

"உங்களுக்குத் தெரியாத மாத்திரையாப்பா? போட்டுட்டு ரெஸ்ட் எடுங்க. மேனேஜர் சாப்பிட்டானா?"

நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. வேலை, வீடு, குழந்தை என்று அவளுக்கு ஆயிரம் இருக்கும். ஆனால் போனை வைத்த பிறகு சமையலறையில் நின்றபடியே அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்த மழைக்காலத்தில் மேனேஜருக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லாமல் போனது. கண் வீங்கி மூடிக்கொண்டது, தீனி எடுக்கவில்லை. போனில் சொன்ன மறுநாளே மகள் வந்து நின்றாள். நான்கு நாள் இருந்தாள். குளியலறைத் தரையில் உட்கார்ந்து அதற்கு ஊட்டிக்கொண்டே சின்ன வயதுக் கதையெல்லாம் பேசினாள். சாப்பிடும்போது எனக்கு எதிரே உட்கார்ந்து, "ரொம்ப இளைச்சுட்டீங்கப்பா" என்றாள். மனைவி போன பிறகு என் முகத்தை அப்படி யாரும் பார்த்ததில்லை.

மேனேஜர் தேறியது. அவளும் கிளம்பிவிட்டாள்.

வெயில் படாவிட்டால் ஆமைக்கு ஓடு மெத்தென்று ஆகிவிடும். நான் அதை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு ஸ்டோர் ரூமில் வைத்தேன், அவ்வளவுதான். ஆமையல்லவா, நோயில் விழுவதற்கும் அதே நடைதான். நான்கு மாதம் எடுத்துக்கொண்டது. ஆனால் மகள் வந்தாள். அடுத்த வருடம் இரண்டு முறை வந்தாள். ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் மேனேஜரை நிறுத்துப் பார்ப்பேன். ஆயிரத்து நானூறு கிராமுக்கு இறங்கினால், "மேனேஜருக்கு உடம்பு சரியில்லை" என்று போன் செய்வேன். அதற்கும் கீழே ஒருபோதும் விட்டதில்லை. எனக்கு எல்லை தெரியும்.

கால்நடை மருத்துவர் ஒருநாள் மகளைத் தனியாகக் கூப்பிட்டார். கதவு சரியாகச் சாத்தவில்லை, எனக்குக் கேட்டது.

"பெரியவருக்கு வயசாயிடுச்சும்மா. வெயில்ல விட மறந்துடறார் போல."

மறதி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நான் எதையும் மறந்தவன் இல்லை. வெளியே வந்து மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே அவன் எங்க வீட்ல இருக்கட்டும்பா. உங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை?"

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். நான் கையசைத்தேன்.

அங்கே அது நன்றாகத் தேறிவிட்டது. மாதாமாதம் தராசில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினாள். ஆயிரத்து எண்ணூறு, பிறகு இரண்டாயிரம். படம் வந்தது, அவள் வரவில்லை. பதினான்கு மாதம். கடையில் ஒரு சோப்பு கேட்பதற்குள் இரண்டு தடவை இருமுவேன், யாரிடமும் பேசாமலே இருந்து குரல் அடைத்துப்போயிருக்கும்.

இந்த வாரம் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் வெளியூர் வேலை. நான்கு வயதுப் பேத்தியை என்னிடம் விட வந்தாள். "தாத்தாவே பாதி டாக்டர், உனக்கென்னடி பயம்?" என்று கொஞ்சிவிட்டு, வந்த டாக்ஸியிலேயே திரும்பிப் போனாள். ஒன்பது நிமிடம் இருந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பேத்தி நல்ல பிள்ளை. என் கூடவே சுற்றினாள்.

"தாத்தா, மேனேஜர் எங்க வீட்ல நல்லா சாப்பிடறான். இங்க ஏன் சாப்பிடல?"

குழந்தை, தெரியாமல் கேட்டது. மறுநாள் காலை அவளை எடை பார்த்தேன். பதினைந்து கிலோ. எடை தெரிந்தால் அளவு தெரிந்துவிடும். என் பழைய பெட்டியில் இருந்த இரண்டு மருந்துகளைப் பாலில் கலந்து கொடுத்தேன். ஒருநாள் அசந்து தூங்குவாள், அம்மா வருவாள், நான்கு நாள் இருப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. அளவு தப்பிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. மற்றதெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

மகள் சாயங்காலத்துக்குள் ஓடி வந்தாள். மருத்துவமனை பெஞ்சில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீங்க பக்கத்துல இருக்கறதுதாம்பா தைரியமா இருக்கு" என்றாள். மூன்று மணி நேரம் அப்படியே சாய்ந்திருந்தாள். தோள் மரத்துப்போயும் நான் அசையவில்லை. அதற்குள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது.

ஒரு மருந்தை டாக்டர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னொன்றின் பெயர் தெரிந்தால் மாற்று மருந்து கொடுக்கலாம், இன்றைக்குள் கொடுத்தால் பிள்ளை பிழைத்துவிடும் என்று சொன்னீர்கள். உண்மைதான், பிழைத்துவிடும். என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று மகள் சொன்னதையும் சொன்னீர்கள். கோபம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் அவளே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து, இந்த நாற்காலியில் எனக்கு எதிரே உட்கார்ந்து கேட்கட்டும். பெயரை அவளிடம்தான் சொல்வேன். பாவம், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டாள், ஏதாவது சாப்பிட்டுவிட்டே வரச் சொல்லுங்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.