அந்தப் பொண்ணுக்கு ஒரு பேரு

— மைக்கை அப்புறம் துடைக்கலாம், ஒலான்யா. நேத்து அந்தப் படத்துல வர்ற பொண்ணுக்கு என்ன பேரு வெச்ச?

— வாங்க லயெத் அக்கா, பெஞ்சுல உக்காருங்க. ஆட்டம் ரெண்டு மணிக்குத்தான். எந்தப் பொண்ணு?

— காட்டுப் படைக்காரங்க கயித்துல கட்டி இழுத்துட்டுப் போறாங்களே, அவ.

— அவளா? 'தளபதி பொண்டாட்டி'ன்னு வெச்சேன். வெள்ளைக்காரன் எடுத்த சண்டைப் படம்க்கா. அவன் பேசுற வேகத்துக்கு நம்ம கூலு ஊர்ல யாருக்குப் புரியும்? நான் மைக்ல நம்ம பாஷையில சொல்லி, ஆளாளுக்கு நம்ம ஊர்ப் பேரா வெச்சு, நாலு ஜோக்கும் விட்டாத்தான் கொட்டகை நிறையும்.

— கஞ்சி காய்ச்சத் தெரியாத பொண்டாட்டின்னு வேற சொன்ன. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

— சிரிக்கத்தானே வர்றாங்க.

— என் பொண்ணு லமாரோவும் சிரிச்சா. வீட்டுக்கு வந்து, கையில கயித்தைக் கட்டிக்கிட்டு அவளை மாதிரியே நடந்து காட்டினா. மரவள்ளி உரிச்சுட்டு இருந்தவ கத்தியைக் கீழ வெச்சுட்டேன்.

— சின்னப் பொண்ணு, விடுங்கக்கா.

— என்னையும் காட்டுப் படை அப்படித்தான் கட்டி இழுத்துட்டுப் போச்சு. லமாரோவைப் பெத்ததே அந்தக் காட்டுலதான். அவளுக்குத் தெரியாது. அப்பன் லாரி மோதிச் செத்தான்னு சொல்லி வளர்த்திருக்கேன்.

— மெதுவாக்கா. எங்க மாமனார் வாசல்லதான் டிக்கெட் கிழிக்கிறார்.

— கிழிக்கட்டும். இன்னைக்கு அவளைக் கூட்டிட்டு வரேன். அந்தப் பொண்ணுக்கு என் பேரை வை. ஜோக் வேண்டாம்.

— புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? காட்டுப் புள்ளைன்னு ஊரே அவளைக் கூப்பிடும். பள்ளிக்கூடத்துல ஒருத்திகூடப் பக்கத்துல உக்கார மாட்டா.

— கண்டவங்க சொல்லித் தெரியறதுக்கு, என் பக்கத்துல உக்காந்து தெரிஞ்சுக்கட்டும். நான் அவ கையைப் புடிச்சுட்டு இருப்பேன்.

— வீட்டுலயே சொல்லிடலாமே.

— எத்தனையோ தடவை வாயைத் திறந்துட்டேன். வரல. உனக்கு வருது.

— எனக்கு மட்டும் என்ன தெரியும்? நான் அந்தக் காட்டைப் பார்த்ததே இல்ல.

— அப்படியா? புடிச்சுட்டு வந்த புள்ளைங்க நெஞ்சுல எண்ணெய் தடவுவாங்க, குளிக்க விடமாட்டாங்கன்னு நேத்து சொன்னியே.

— படத்துல வருதுல்ல.

— படத்துல எண்ணெயே இல்ல தம்பி. புள்ளைங்க சும்மா உக்காந்திருக்காங்க. அங்க இருந்தவனுக்குத்தான் அது தெரியும்.

— யார்கிட்டயாவது சொன்னீங்களா? மாமனாருக்குத் தெரிஞ்சா என் பொண்டாட்டியை அப்பவே கூட்டிட்டுப் போயிடுவார்.

— சொல்லல, சொல்லவும் மாட்டேன். மிரட்ட வரல நான். என்னை மாதிரி ஒருத்தன்னு தெரிஞ்சுதான் கேக்க வந்தேன்.

— உங்களை மாதிரி இல்லக்கா நான்.

— உன்னையும் சின்ன வயசுல தூக்கிட்டுத்தானே போனாங்க?

— தூக்கிட்டுத்தான் போனாங்க.

— அப்புறம் என்ன? முடியும், முடியாது, ஒண்ணைச் சொல்லு. நீ முடியாதுன்னா மைக்கைக் குடு. திக்கித் திணறியாவது நானே சொல்லிடுறேன். இன்னொரு நாள் அவளை அப்படிச் சிரிக்க விடமாட்டேன்.

— வேண்டாம். கூட்டிட்டு வாங்க, நானே சொல்றேன். அந்தப் பொண்ணு பேரு லயெத். அவளைக் கட்டின கயித்தைப் புடிச்சு இழுத்துட்டு, துப்பாக்கியோட ஒரு பொடியன் முன்னால போறான்ல, அவனுக்கு நேத்து நான் பேரே வைக்கல. இன்னைக்கு வைக்கிறேன்க்கா. ஒலான்யா.