கீழே பார்க்கும் கட்டைவிரல்

இல்ல தம்பி, நீங்க நல்ல மனசோட வந்திருக்கீங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அந்தப் பொத்தானை எடுக்காதீங்க. இந்த வாளியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்க, உங்க பேன்ட் நனைஞ்சிரும். உக்காருங்க, அந்த நாற்காலியில. பல்லு பிடுங்க வர்றவங்க காத்திருக்கிற நாற்காலிதான், பயப்படாதீங்க, டாக்டர் சாப்பிடப் போயிருக்காரு. அவர் திரும்பறதுக்குள்ள இந்த மீன் தொட்டியை நான் கழுவி முடிச்சாகணும்.

என்ன சொன்னீங்க? பம்பு சத்தத்துல கேக்கல. எனக்காகத்தான் எடுக்கறீங்களா? நல்லா இருக்கு போங்க. மீன் வளர்க்கிறவங்களுக்குன்னு ஒரு மன்றம் ஆரம்பிச்சீங்க, நாங்க எல்லாம் போன்ல வந்து சேர்ந்தோம். பிடிச்சா ஹார்ட்டு, பிடிக்கலன்னா கீழே பார்க்கிற கட்டைவிரல்னு வச்சீங்க. இப்ப திங்கக்கிழமையிலருந்து ஹார்ட்டு மட்டும்தான், கட்டைவிரல் கிடையாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டு, அதுக்குக் காரணம் நான்தான்னு எங்கிட்டயே வந்து சொல்றீங்க. நான் எப்பங்க உங்ககிட்ட வந்து அழுதேன்?

மனசு புண்படும்னா? சரி, நான் ஒண்ணு கேக்கறேன். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு மகராசன் எழுதினான், தொட்டி நாத்தம் அடிச்சா ஃபில்டர்ல இருக்கிற ஸ்பாஞ்சை எடுத்து சோப்புப் போட்டு நல்லா அலசுங்கன்னு. ஞாபகம் இருக்கா? சோப்பு! ஸ்பாஞ்சை அலசணும்னா தொட்டியிலருந்து எடுத்த பழைய தண்ணியிலதான் அலசணும். அந்த அழுக்குல இருக்கிற நல்ல கிருமிதான் மீனைக் காப்பாத்துது. ஆனா அந்த ஆளு வெள்ளை வெளேர்னு அலசின ஸ்பாஞ்சை போட்டோ எடுத்துப் போட்டிருந்தான். ஹார்ட்டாக் கொட்டுச்சு. நான் போயி இது தப்புன்னு எழுதினேன். என்னை என்ன கேட்டாங்க தெரியுமா? ஏன் அக்கா எப்பப் பார்த்தாலும் குத்தம் கண்டுபிடிக்கறீங்கன்னு கேட்டாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா கட்டைவிரலை அமுக்க ஆரம்பிச்சப்பதான் அவன் அந்தப் போஸ்ட்டைத் தூக்கினான். எழுதக் கூச்சப்படறவங்க எல்லாம் விரலாலயாவது சொன்னாங்க. அந்த விரலையும் நறுக்கிட்டீங்கன்னா யாரு சொல்றது? செத்த மீனு வந்து புகார் எழுதுமா?

சிரிக்காதீங்க, நான் சிரிப்புக்குச் சொல்லல.

ஆமா, அந்த டீச்சரம்மா விஷயம் எனக்கும் தெரியும். சின்னக் கிண்ணத்துல தங்கமீனைப் போட்டு வச்சு, அழகா இருக்கான்னு கேட்டாங்க. கூட்டமாச் சேர்ந்து அமுக்கு அமுக்குன்னு அமுக்கிட்டாங்க. அவங்க அழுதுட்டு மன்றத்தை விட்டே போயிட்டாங்க. பாவம்தான், ஒத்துக்கறேன். ஊரே திரண்டு ஒருத்தரைப் போட்டு மிதிக்கறது நியாயம்னு நான் சொல்லல. ஆனா ஒண்ணு, போறப்ப மீனைப் பெரிய தொட்டிக்கு மாத்திட்டுத்தான் போனாங்க. அவங்க வீட்டுத் தொட்டியும் நான்தான் கழுவறேன், என் கண்ணால பார்த்தேன். அன்னிக்கு எல்லாரும் ஹார்ட்டு போட்டிருந்தா டீச்சரம்மா இன்னும் உங்க மன்றத்துல இருந்திருப்பாங்க, மீனு இருந்திருக்காது.

எனக்கு இந்த ஹார்ட்டு மேலயே நம்பிக்கை போயி ரொம்ப நாளாச்சு தம்பி. வெறும் ஹார்ட்டு மட்டுமே போடற சனங்க நடுவுல நான் வாழ்ந்து பார்த்தவ. கேளுங்க, சொல்றேன்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தப்புறம் ரொம்ப காலம் தனியாத்தான் இருந்தேன். இந்தத் தொட்டி வேலையில ஒருத்தர் பழக்கம், பம்பு ரிப்பேர் பண்றவர். அவருக்கு யாரும் இல்ல. ஐம்பதைத் தாண்டின வயசுல ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டோம். ஆமா, கல்யாணம்தான். நீங்க ஏன் தலையைக் குனிஞ்சுக்கறீங்க? பண்ணிக்கிட்டது நானு. என் நாத்தனார் வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அண்ணி, ரொம்ப நல்ல முடிவு அண்ணின்னு கண்ணுல தண்ணி வேற. படி இறங்கறப்ப, இந்த வயசுல இவளுக்கு இது கேக்குதான்னு புருசன்கிட்ட சொன்னது மேல நின்ன எனக்குக் கேட்டுச்சு. ஓரகத்தி பட்டுச்சேலை எடுத்துக் குடுத்தா. குடுத்த கையோட அவ வீட்டு விசேஷத்துக்கு என்னைக் கூப்பிடறதை நிறுத்திட்டா. எல்லாம் கழுவுற மீன்ல நழுவுற மீனுங்க. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லித் தொலைங்களேன்! சொன்னா நான் சண்டை போடுவேன், சண்டை போட்டா ஒருநாள் சமாதானமாவது ஆகலாம். ஹார்ட்டு போடறவ கூட எப்படிங்க சண்டை போடறது?

எனக்குக் கோபம் இல்ல. கசப்பு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு, கோபம்னா கொஞ்ச நாள்ல ஆறிரும்.

என்னது, பழுத்த மரத்துலதான் கல்லடி விழுமா? வேணாம் தம்பி, அந்தப் பழமொழியைக் கேட்டுக் கேட்டே எனக்கு அலுத்துப்போச்சு. நான் என்ன மாமரமா?

போன்ல என்ன காட்டறீங்க? இருங்க, கையைத் துடைச்சுக்கறேன். கண்ணாடி வேற போடல, நீங்களே படிங்க. ம். வாச்மேன். ஆமா, தெரியும். அந்தப் பேர்ல ஒரு ஆளு. படம் கிடையாது, ஒரு வார்த்தை எழுதினது கிடையாது, மத்தவங்க போஸ்ட்டைத் தொட்டது கிடையாது. நான் எது போட்டாலும் வந்து கட்டைவிரலைக் கீழ அமுக்கிட்டுப் போவான். காலை வணக்கம்னு போட்டாலும் அமுக்குவான். குட்டி போட்ட மீனை போட்டோ எடுத்துப் போட்டேன், ஊரே கொஞ்சிச்சு, அதுக்கும் அமுக்கினான். நானும் அவரும் புதுத் தொட்டிகிட்ட சேர்ந்து நின்னு எடுத்த போட்டோ ஒண்ணு, அதுக்கு எவ்வளவு வேகமா விழுந்துச்சுங்கறீங்க, போட்டோ முழுசா ஏறியிருக்குமான்னே தெரியல.

வலிக்கலையான்னா, வலிக்காம? முதல் தடவை பார்த்தப்ப போனைக் கவுத்து வச்சுட்டேன். இப்ப பழகிருச்சுன்னு வச்சுக்கோங்க.

சைக்கோவா? பார்த்துப் பேசுங்க தம்பி. முகம் தெரியாத ஒருத்தனை அப்படி நாக்கு மேல பல்லைப் போட்டுச் சொல்லக் கூடாது. அதுவும் பல்லு டாக்டர் நாற்காலியில உக்காந்துக்கிட்டு.

என்னது? தடையா? அந்த ஆளையா? போட்டுட்டீங்களா? சரியாச் சொல்லுங்க, போட்டாச்சா, போடப் போறீங்களா? இன்னும் போடலையே? அப்பாடா. உசுரு போயி உசுரு வந்துச்சு. பாருங்க, தண்ணி எடுக்கற டியூப் கையை விட்டு நழுவி தரையெல்லாம் தண்ணி. அந்தத் துணியை எடுங்க. அது இல்ல, பச்சை. வெள்ளைத் துணி கண்ணாடி துடைக்கறதுக்கு. குடுங்க, நானே துடைக்கறேன், நீங்க வழுக்கி விழுந்தா அதுக்கு வேற பதில் சொல்லணும்.

பதறல. யாரு பதறினா? அவன் ஒருத்தனை நிறுத்த முடியாதுன்னா பொத்தானையே தூக்கறீங்க, பொத்தான் வேணும்னா அவனைத் தூக்கறீங்க. இது என்ன வழக்கு? அடிபடறவ நானு. நான் சும்மா இருக்கறப்ப உங்களுக்கு என்ன?

இன்னும் என்ன? அதோட நிக்கலையா? பழைய போஸ்ட்டா? பழசுன்னா எவ்வளவு பழசு? நான் சேர்ந்த புதுசுல போட்டது வரைக்குமா? எனக்கு அப்படி ஒண்ணும் வரலையே. புதுசா போட்டதுக்கு எவனாவது அமுக்கினாத்தான் போன் டிங்குன்னு கத்தும், பழசுக்குக் கத்தாது. நான் திரும்பிப் போயிப் பார்த்ததும் இல்ல. இதைப் பார்த்துத்தான் தாக்குதல்னு பயந்தீங்களா? வரிசையா, ஒண்ணு விடாம, பின்னாடி பின்னாடி போயி. எப்ப தம்பி இது? எந்த மாசம்?

இல்ல, நல்லாப் பாருங்க. தேதியைப் பாருங்க. முதல் வாரமா, அதுக்கு அடுத்த வாரமுமா?

இருங்க. அந்த இன்னொரு நாற்காலியை இழுங்க, நானும் உக்காந்துக்கறேன்.

ஒண்ணும் இல்ல. தண்ணி வேணாம், கையில இருக்கறதெல்லாம் தண்ணிதானே. அந்த ரெண்டு வாரம் நான் எதுவுமே போடல தம்பி. ஆஸ்பத்திரியில கிடந்தேன். கர்ப்பப்பையை எடுத்தாங்க, அப்புறம் தையல்ல சீழ் வச்சு மறுபடி உள்ள கொண்டு போனாங்க. போனைத் தொடல. யாருக்கும் சொல்லவும் இல்ல, அவர் ஒருத்தர்தான் கூட இருந்தார். தினமும் காலையில எனக்கு ஹார்ட்டு போடறவங்க ஒரு கூட்டம் இருக்கே உங்க மன்றத்துல, அதுல ஒருத்தராவது, எங்க அந்த அக்காவைக் காணோம்னு கேட்டாங்களா? திரும்பி வந்து பார்த்தேன். ஒரு வரி இல்ல.

இவன் தேடியிருக்கான். புதுசா ஒண்ணும் வரலையேன்னு பழசுக்குள்ள இறங்கி, ஒவ்வொண்ணா, வீடு வீடாக் கதவைத் தட்டற மாதிரி தட்டிக்கிட்டே போயிருக்கான். சத்தம் எனக்குக் கேக்கும்னு நினைச்சிருப்பான். மூதேவி. பிடிவாதம் பிடிச்ச மூதேவி. அப்பவும் அந்தப் பாழாப்போன விரலைத்தான் அமுக்கினான் பாருங்க, ஒரே ஒரு ஹார்ட்டு போட மனசு வரல.

யாரா? என் பையன் தம்பி. எனக்கு ஒரே பையன்.

அவன் அப்பா இருந்தப்ப எங்க வீட்டுத் தொட்டியில ஒரு கறுப்பு மீனு இருந்துச்சு. கண்ணாடியில வாயை ஒட்டவச்சுக்கிட்டு நாள் பூரா எங்களையே பார்த்துக்கிட்டு இருக்கும். அதுக்கு வாச்மேன்னு பேரு வச்சது அவன். அந்தப் பேரு எங்க மூணு பேருக்குத்தான் தெரியும், அதுல ஒருத்தர் இப்ப இல்ல. அதான் முதல் நாளே எனக்குத் தெரிஞ்சு போச்சு. எனக்குத் தெரியும்னு அவனுக்கும் தெரியும். தெரியாம அந்தப் பேரை வைப்பானா?

நான் கல்யாண விஷயத்தைச் சொன்னப்ப, எனக்குப் பிடிக்கலம்மான்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவன் அவன் ஒருத்தன்தான். சொல்லிட்டு இறங்கிப் போனவன் போனவன்தான். நம்பரை மாத்திட்டான். இல்ல, நான் மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். எதுக்குக் கேக்கணும்? நான் ஒண்ணும் களவாணித்தனம் பண்ணல. அவனும் இறங்கி வர மாட்டான், என் வயித்துல பொறந்தவன்தானே, வேற எப்படி இருப்பான்?

எங்கருந்து அமுக்கறான்னு உங்களால கண்டுபிடிக்க முடியுமா? நிஜமாவா?

வேணாம். சொல்லாதீங்க. தெரிஞ்சா நான் பஸ் ஏறிப் போயி வாசல்ல நிப்பேன். நின்னா அவன் இதையும் நிறுத்திருவான்.

அவனால ஹார்ட்டு போட முடியாது தம்பி. ஒரு வார்த்தை எழுதவும் முடியாது, எழுதினா தோத்த மாதிரி ஆயிரும் அவனுக்கு. எங்கிட்ட நீட்டறதுக்கு அவன்கிட்ட மிச்சம் இருக்கறது அந்த ஒரு விரல்தான். என் மனசு புண்படும்னு சொல்லி அதையும் எடுத்துட்டீங்கன்னா அவன் எங்கிட்ட எப்படிப் பேசுவான்?

சரி சரி, நீங்க எதுக்குக் கண்ணைத் துடைக்கறீங்க, டாக்டர் வர்ற நேரமாச்சு. அந்தப் பையில என் போன் இருக்கு, எடுங்க. என் கை ஈரம். இந்தத் தொட்டியை ஒரு போட்டோ எடுங்க, மீனு எல்லாம் தெரியற மாதிரி. தொட்டி கழுவியாச்சுன்னு மட்டும் எழுதிப் போடுங்க, வேற ஒண்ணும் வேணாம். போட்டுட்டீங்களா? கையிலயே வச்சுக்கிட்டு இருங்க. இந்த நேரத்துலதான் அவன் சாப்பிட்டுட்டு போனைப் பார்ப்பான். ஹார்ட்டு வந்தா எங்கிட்ட சொல்ல வேண்டாம். கட்டைவிரல் விழுந்தா மட்டும் சொல்லுங்க, பிள்ளை சாப்பிட்டுட்டான்னு தெரிஞ்சுக்கறேன்.