தோளுக்கு அளந்த கட்டை

"உன் தையலும் இதுவும் ஒண்ணுதான் ஜிஸ்லேன். அளவு தப்பிடுச்சுன்னா எவ்வளவு நல்ல துணியா இருந்தும் பிரயோசனமில்ல."

"துணின்னா பிரிச்சுத் தைக்கலாம். மரத்த எப்படிங்க பிரிப்பீங்க?"

"அதுக்குத்தான் முதல்லயே அளந்து வாங்கணும்ங்கறேன்."

இது நானும் என் கணவர் சூசைநாதனும் பாரிஸ் புறநகர் லெ பிளாங்-மெனில் வீட்டுச் சமையலறையில் பேசிக்கொண்டது. நான் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அவர் மேசைமேல் வேட்டைத் துப்பாக்கிகளின் படப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். அன்றைக்குக் குழம்பு நன்றாக வந்திருந்தது. எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டீர்கள், நீதிபதி மதாம். எனக்கு அங்கிருந்து தொடங்கத்தான் தோன்றுகிறது.

பிரெஞ்சு எனக்கு நன்றாகவே வரும். பாண்டிச்சேரியில் கன்னியர் பள்ளியில் படித்தவள். ஆனால் அளவுகளை நான் தமிழில்தான் எண்ணுவேன். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று கேட்டது அதனால்தான். இந்தப் பிள்ளை யாழ்ப்பாணத்துக் குடும்பம். நான் துப்பாக்கி என்று சொல்லும்போதெல்லாம் துவக்கு என்று தனக்குள் திருத்திக்கொள்கிறாள். அதனால் ஒன்றுமில்லை. துவக்கு என்றால் ஏதோ நல்ல காரியம் ஆரம்பிப்பது போலவும் இருக்கிறது.

என் கணவர் நகரசபை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட வேலை செய்த பெர்னார்தான் அவரை வேட்டைக்குப் பழக்கினார். சீசன் தொடங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே இருவரும் காட்டுக்குப் போய்விடுவார்கள். நான் தனியாகப் பூசைக்குப் போய், தனியாகச் சாப்பிட்டு, துணி மடித்து வைப்பேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு அவர், அவருக்கு நான். முதல் வருடம் இதைச் சொல்லிச் சண்டை போட்டேன். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். நான் நியாயம் தெரிந்தவள், மதாம். ஒரு மனிதனுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும்தான்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் புதிதாக ஒரு பம்ப் துப்பாக்கி வாங்கப்போவதாகச் சொன்னார். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் முன்பக்கத்துக் கைப்பிடியைப் பின்னே இழுத்து முன்னே தள்ளினால்தான் அடுத்த குண்டு வந்து உட்காரும். பெர்னாரிடம் இருப்பது தானாகவே நிரப்பிக்கொள்ளும். அது எதற்கு என்றார். "பம்ப்புல ஒரு நன்மை இருக்கு. ஒரு தடவ சுட்டதுக்கு அப்புறம், இன்னொரு தடவ சுடணுமான்னு யோசிக்க நேரம் கிடைக்கும்."

கட்டையைப் பற்றித்தான் அதிகம் பேசினார். கட்டை என்றால் தோளில் வைத்துக்கொள்ளும் பின்பகுதி. முழங்கையை மடக்கி, மடிப்பின் உட்பக்கத்திலிருந்து விசை இழுக்கும் விரல் வரை அளக்க வேண்டும். அந்த அளவுக்குத்தான் கட்டை இருக்க வேண்டும். நீளமாக இருந்தால் தூக்கும்போது கக்கத்தில் சிக்கும், குட்டையாக இருந்தால் மூக்கில் இடிக்கும். ஒருவருக்கு அளந்த கட்டை இன்னொருவர் தோளில் உட்காராது என்றார். எனக்கு அது உடனே புரிந்தது. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சேலைக் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து எத்தனை பெண்களுக்கு ஜாக்கெட் தைத்திருக்கிறேன். எனக்குக் கையளவைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தச் சேலைக் கடை தயாளினியுடையது. அவளுக்குப் புருஷன் இல்லை, விட்டுவிட்டுக் கனடா போய்விட்டான். என்னை அக்கா என்றும் அவரை அண்ணை என்றும் கூப்பிடுவாள். அவள் கடையில் என் மிஷின், என் தையலால் அவளுக்கு வியாபாரம். அவளை எனக்குப் பிடிக்கும். இதை எழுதிக்கொள்ளுங்கள், மதாம். எனக்கு அவள்மேல் ஒருநாளும் வெறுப்பு இருந்ததில்லை.

ஒருமுறை ஓல்னேயில் ஒரு கலியாணத்துக்குப் போக அவளுக்குச் சேலை ஜாக்கெட் தயாராகவில்லை. என்னுடையதையே கொடுத்தேன். ஒரு ஊசிகூடக் குத்த வேண்டியிருக்கவில்லை. கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, இது எனக்கெண்டே தைச்ச மாதிரியெல்லே கிடக்கு! உங்கடை இடத்திலை நான் போய் நிண்டாலும் அண்ணைக்கு வித்தியாசம் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரும் அங்கேதான் இருந்தார். அவர் எல்லோரையும் விடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் கடைக்கு வருவது கூடியது. நான் உள்ளே மிஷினை நிறுத்தினால் வெளியே பேச்சு நிற்கும். வீட்டில் சாப்பிட்டு முடித்ததும், "ஜிஸ்லேன், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்பார். நான் நிமிர்ந்து பார்த்தால், "ஒண்ணுமில்ல, அப்புறம் பேசிக்கலாம்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். எங்கள் கோவிலுக்கு வரும் ஷார்லோத்துக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஒண்ணு கேக்கணும், ஒண்ணு கேக்கணும் என்றே அவள் புருஷன் ஒரு குளிர்காலம் முழுக்க ஓட்டினார். கடைசியில் கேட்டது விவாகரத்து. ஷார்லோத் இப்போது தனியாக ஓர் அறையில் இருக்கிறாள்.

நான் அவரைக் கேட்கவிடாமல் பார்த்துக்கொண்டேன். அவர் வாயைத் திறந்தால் குழாயைத் திறப்பேன், தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவேன். கேட்கக் கூச்சப்படுகிற மனிதனைக் கேட்க வைப்பது இரக்கமில்லாத வேலை. அவரை நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மதியம் தயாளினி கடையை அங்கே வேலை செய்யும் எலோடியிடம் ஒப்படைத்துவிட்டு அவரோடு கிளம்பினாள். அவர்களை நான் பின்தொடரவில்லை. எனக்கும் வெளியே ஒரு வேலை இருந்தது. அதே மெத்ரோவில் அடுத்த பெட்டியில் ஏறினேன், அவ்வளவுதான். நாசியோன் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் போனார்கள். எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்தில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கடைக்காரர் அவள் முழங்கையை மடக்கிப் பிடித்து, நாடாவால் விரல் வரை அளந்தார். பிறகு ஒரு துப்பாக்கியை அவள் தோளில் வைத்துப் பார்த்தார்கள். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்து ஏதோ சொல்ல, என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார். நிறுத்தத்தில் இரண்டு பஸ்கள் வந்து போயின. இரண்டிலும் நான் ஏறவில்லை.

துப்பாக்கி வீட்டுக்கு வந்தபோது தனக்காகத்தான் வாங்கியதாகச் சொன்னார். அவர் குளிக்கப் போனதும் நாடாவை எடுத்து அளந்தேன். அவருடைய கை நீளக் கை. அவருக்கு அளந்திருந்தால் கட்டை இன்னும் நான்கு விரல் கூடுதலாக இருந்திருக்கும். மழையில் நடக்கிற மனிதர், எப்போதும் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டைதான் நல்லது என்பவர், இதற்கு மட்டும் வால்நட் மரம் கேட்டு வாங்கியிருந்தார். கன்னம் படும் இடத்தை வழவழவென்று இழைத்திருந்தார்கள். முனையில் தோள் நோகாமலிருக்க மெத்தென்று ரப்பர். துப்பாக்கியும் வழக்கமான பன்னிரண்டாம் எண் குழல் இல்லை, அதைவிடச் சிறிய, இலேசான இருபதாம் எண். இவ்வளவையும் ஒரு ஆண் ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டுதான் தேர்ந்தெடுக்க முடியும். முப்பது வருடத்தில் எனக்கு ஒரு சேலைகூட அவர் அப்படித் தேர்ந்தெடுத்ததில்லை.

இருந்தாலும் சந்தேகத்தை வைத்து ஒருவரைத் தண்டிக்கக் கூடாது. நான் சரிபார்த்தேன். தயாளினிக்கு நீளக் கை வைத்து ஒரு சட்டை தைத்துத் தருகிறேன் என்று நாடாவை எடுத்தேன்.

"இதென்ன அக்கா, விரல் வரைக்கும் அளக்கிறியள்? கையுறையோ தைக்கப் போறியள்?"

"கை நுனி கூரா வரும். இப்ப அதான் ஃபேஷன்."

"ஓம் ஓம், நீங்கள் சொன்னால் சரி. பிறகு என்னை ஆரும் பேய் எண்டு பயந்து ஓடினால் காசு திருப்பித் தரோணும்."

கட்டையின் அளவும் அவள் கையின் அளவும் நூலளவு பிசகாமல் ஒன்று.

போன முறை நீங்கள் கேட்டீர்கள், மதாம், என் கையை அளந்து பார்த்தேனா என்று. விசித்திரமான கேள்வி. என்னுடைய ஜாக்கெட்டை நான் அளவு ஜாக்கெட் வைத்து வெட்டுவேன். கலியாணத்துக்கு அம்மா தைத்துக் கொடுத்ததுதான் இன்றைக்கும் அளவு. என் உடம்பில் யாரும் நாடா வைத்ததில்லை. வைக்க வேண்டிய தேவையும் வந்ததில்லை.

கடைக்கு விடுமுறையான திங்கட்கிழமை, சட்டை முடிந்துவிட்டது, வீட்டுக்கு வந்து போட்டுப் பார் என்று அவளைக் கூப்பிட்டேன். என் கணவர் பெர்னார் வீட்டில் கூரை வேலைக்கு உதவப் போயிருந்தார். துப்பாக்கி அலமாரியின் சாவி எங்கே இருக்கும் என்பது எந்த மனைவிக்குத்தான் தெரியாது? குண்டு நிரப்புவதையும் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அவள் வழியில் பலகாரக் கடையில் வாங்கிய ரோல்ஸ் இரண்டு பொட்டலமாகக் கொண்டுவந்தாள், ஒன்று எனக்கு, ஒன்று "அண்ணைக்கு, உறைப்புக் கூட." தேநீர் கொடுத்தேன். சட்டை மிக நன்றாக அமைந்தது. என் கையால் தைத்ததில் அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். படுக்கையறைக் கண்ணாடி முன்னால் நின்று கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே பேசினாள். நான் துப்பாக்கி அலமாரிப் பக்கம் இருந்தேன்.

"அக்கா, ஒரு விசயம் சொல்லோணும். வயித்துக்குள்ளை வைச்சிருக்க ஏலாமல் கிடக்கு. அண்ணையிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, அவர் என்னைக் கொன்று போடுவார்."

அவளும் அதையே சொல்லத் தொடங்கிவிட்டாள் என்று தெரிந்தது. அவர் கூச்சப்பட்டு நிறுத்தியதை இவள் சிரித்துக்கொண்டே சொல்லி முடித்துவிடுவாள். அதைச் சொல்ல நான் விடவில்லை.

உங்கள் டாக்டர் என் தோளில் கன்றிப்போன அடையாளம் தேடினார். பழக்கமில்லாதவர்கள் சுட்டால் கன்றிப்போகும் என்றார். ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே ஆச்சரியம். தூக்கியவுடன் கட்டை தானாக வந்து தோள் குழியில் உட்கார்ந்தது. கன்னம் சரியான இடத்தில் படிந்தது. விரல் எட்டவேண்டிய இடத்துக்கு எட்டியது. நல்ல வேலைக்காரன் செய்த கட்டை யார் தோளிலும் உட்காரும் போலிருக்கிறது. என் கணவர் சொன்னதெல்லாம் வேதமா என்ன?

முதல் தடவையில் அவள் கீழே விழவில்லை. கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். "அக்கா" என்றாள். கோபமாக இல்லை. ஊசி குத்திவிட்டால் கூப்பிடுவாளே, அப்படி.

நீங்கள் அறிய விரும்புவது இந்த இடத்தைத்தான். தவறுதலாகச் சுட்டிருந்தால் அத்தோடு நின்றிருக்கும் என்கிறீர்கள். சரிதான். பம்ப் துப்பாக்கியில் யோசிக்க நேரம் கிடைக்கும் என்று அவர் சொன்னதும் சரிதான். நான் யோசித்தேன். பிழைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரியில் வைப்பார்கள், அவர் பார்க்கப் போவார், வாசலில் பூ வாங்கிக்கொண்டு போவார், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொள்வார் என்று யோசித்தேன். அந்தக் கையைத்தான் நான் அளந்திருந்தேன். கைப்பிடியை இழுத்தேன், தள்ளினேன், இரண்டாவது முறை சுட்டேன்.

இதைப் பொறாமை என்று எழுதாதீர்கள். பொறாமைப்பட்டிருந்தால் அவரைச் சுட்டிருப்பேன். ஒரு நல்ல மனிதர் தன் மனைவியின் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைக் கேட்கும்படியான நிலைமை வரக்கூடாது என்று செய்தேன். முப்பது வருட வாழ்க்கையை முடிச்சுப் போட்டு வைத்தேன். அவருக்காகத்தான் செய்தேன்.

கதவு தட்டுகிறார்கள். இன்றைக்கு அவரையும் என் எதிரில் உட்கார வைக்கப்போவதாகச் சொன்னீர்கள். வரச் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணையில்லை.

மெலிந்துவிட்டார். சட்டைக் காலர் மடங்கியிருக்கிறது, இஸ்திரி போட ஆளில்லை. உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறார். இவ்வளவு நாளில் ஒருமுறைகூட என்னைப் பார்க்க வரவில்லை. பரவாயில்லை. நானே பேசுகிறேன்.

"ஏங்க, என்கிட்ட ஒண்ணு கேக்கணும், ஒண்ணு கேக்கணும்னு எவ்வளவு நாளா உள்ளேயே வெச்சிருந்தீங்க. இப்ப கேளுங்க. இவங்க எல்லார் முன்னாடியும் கேளுங்க. நான் மறுக்க மாட்டேன். கையெழுத்துதானே, போட்டுடறேன்."

"கையெழுத்தா?" என்கிறார். ஏதோ புரியாத பாஷையில் பேசியதைப் போல என்னைப் பார்க்கிறார்.

"விவாகரத்துக்கு."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்கிறார். பேச ஆரம்பித்து நிறுத்துகிறார். மறுபடி ஆரம்பிக்கிறார்.

"அவளுக்கும் உனக்கும் ஒரே அளவு ஜிஸ்லேன். உனக்குத் தெரியாம உன்ன அளக்க எனக்கு வேற வழி தெரியல. அதான் அவளக் கூட்டிட்டுப் போனேன். காட்டுப் பக்கமே வரமாட்டேன்னு நீ எப்பவோ சொல்லியிருந்த. துப்பாக்கியக் கையில குடுத்துட்டுக் கேளுங்கோ அண்ணை, அக்கா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்கன்னு அவதான் சொன்னா. எனக்குத்தான் தைரியம் வரல."

மொழிபெயர்க்கிற பிள்ளை நிறுத்திவிட்டாள். நீங்கள் அவளைப் பார்க்கிறீர்கள், மதாம்.

அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே, எங்கள் சமையலறையில் பேசுகிற அதே குரலில் அந்த ஒன்றைக் கேட்கிறார்:

"ஞாயித்துக்கிழமையில நீ தனியா இருக்க வேணாம். என்கூட நீயும் வேட்டைக்கு வர்றியா?"