பாத்தாச்சு

தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. கொண்டுவந்தவரிடம் மீதிச் சில்லறையை வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள், கவனித்தேன். அது உங்கள் விருப்பம். நான் கொடுப்பதில்லை.

கஞ்சன் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். முப்பத்திரண்டு வருடம் சரக்குக் கிடங்கில் எடை சரிபார்த்தவன் நான். மூட்டையில் அரைக் கிலோ குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு. பேசிய கூலிக்கு மேல் கொடுப்பதும் எனக்கு அப்படித்தான். இன்றைக்குக் கொடுத்தால் நாளைக்கு நம் கையைப் பார்ப்பார்கள், நாளன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பார்சல் கொண்டுவருகிறவர், சிலிண்டர் தூக்குகிறவர், குழாய் ரிப்பேர்காரர், எல்லோரும் வேலை முடிந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு சொல்வது ஒன்றுதான். "பாத்து செய்யுங்க சார்." எவ்வளவு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நம்மைக் கூச்சப்பட வைக்கிற தந்திரம் அது. நான் அவர்களைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பேன். "பாத்தாச்சு" என்பேன். கதவைச் சாத்திவிடுவேன்.

குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சங்கத்தின் செயலாளர் நான்தான். மூன்று மாடி, ஆறு வீடு. லிஃப்ட் கதவைத் திறக்கும் சாவியும் மீட்டர் அறைச் சாவியும் என்னிடம்தான் இருக்கும். தண்ணீர் கேனும் சிலிண்டரும் படிக்கட்டு வழியாகத்தான் வரவேண்டும் என்று பலகை எழுதி மாட்டியது நான். பிள்ளைகள் சும்மா சும்மா அழுத்துகிறார்கள் என்று லிஃப்டுக்குள் இருந்த அபாய மணியைக் கழற்றியதும் நான்தான். அதற்குக் கூட்டத் தீர்மானம் இருக்கிறது.

தண்ணீர்க்காரர் விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பது வயது இருக்கும். தோளுக்கு ஒன்றாக இரண்டு கேன் சுமந்து மூன்றாவது மாடிக்கு, எங்கள் வீட்டுக்கு வருவார். ஒருநாள் என் மனைவி சொன்னாள்.

"அவருக்கு நெஞ்சுல கோளாறாம். படியே ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம். வலி வந்தா நாக்குக்கு அடியில ஏதோ மாத்திரை வெச்சுக்கணுமாம். லிஃப்ட்ல வரட்டுமேங்க."

"அப்ப வேற வேலை பாக்கட்டும்" என்றேன்.

அவள் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. நான் வெளியே போகிற நேரமாகப் பார்த்து அவரை லிஃப்டில் வரச் சொல்லியிருக்கிறாள். கையில் ஏதோ கொடுத்தும் வந்திருக்கிறாள். ஒருநாள் நான் சீக்கிரம் திரும்பிவிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சமையலறையிலிருந்து அவர் குரல் கேட்டது.

"சாரு பாத்துட்டாரு. அம்மா செஞ்சுட்டீங்க."

என் மனைவி சிரித்தாள். நாற்பது வருடத்தில் அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. என் வேடிக்கையை எடுத்து என் வீட்டிலேயே எனக்கே திருப்பிவிட்டார்கள். உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, அவர் வண்டி போன பிறகுதான் மேலே வந்தேன். அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சண்டை போடுகிற ஆள் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். காலை பதினொரு மணி. மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மீட்டர் அறையில் நான் பல்பு மாற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமலே இரண்டு கேனையும் லிஃப்டில் ஏற்றினார். லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. மின்சாரம் இல்லை. முதல் தடவை கேட்டபோது இப்படித்தான் சொன்னேன். அதில் பொய் இல்லை. லிஃப்டுக்கு அப்போது மின்சாரம் இல்லைதான்.

படியேறிப் போய் லிஃப்ட் கதவருகே நின்றேன். உள்ளே தட்டினார்.

"யாருங்க? சாரா? சார், நடுவுல மாட்டிக்கிட்டேன். ஒரே இருட்டு, மூச்சு முட்டுது. கொஞ்சம் பாத்து செய்யுங்க சார்."

"பாத்தாச்சு" என்றேன்.

அவர் சிரித்தார், ஐயா. நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

கீழே அவர் வண்டியில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்து அணைத்து வைத்தேன். பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை கிடந்தது. என்ன மாத்திரை என்று நான் பார்க்கவில்லை. பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். ஒரு மணி நேரம் உள்ளே இருந்தால் பலகையில் எழுதியிருப்பது புத்தியில் ஏறும் என்பதுதான் என் கணக்கு. சாப்பிட்டதும் கண் அசந்துவிட்டது. எழுந்து போய் லிஃப்ட் கதவைத் திறந்தபோது மணி மூன்றரை. ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே தட்டுவது நின்றுபோயிருந்தது.

தூங்கினவனுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

தாகத்தால் போனார் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. கூடவே நாற்பது லிட்டர் தண்ணீர் இருந்தது. அவர் ஒரு கேனின் மூடியைக்கூடப் பிரிக்கவில்லை, சீல் அப்படியே இருந்தது. வாடிக்கையாளர் பொருள் என்று விட்டிருக்கிறார். அந்த வகையில் நேர்மையான மனிதர். நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

என் மனைவி வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீங்க வீட்லதானே இருந்தீங்க?" அதன்பிறகு மகள் வீட்டுக்கே போய்விட்டாள். அந்தக் கேன்களை இன்னும் யாரும் திறக்கவில்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். மீட்டர் அறையில் லிஃப்ட் சுவிட்சை இறக்கியது நான்தான். மாத்திரையைப் பார்த்தேன். அது எதற்கு என்று தெரிந்துதான் இருந்த இடத்திலேயே வைத்தேன். நான் தூங்கவில்லை, நாற்காலியைக் கதவோரம் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இதில் ஒரு கிராம் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

கையெழுத்துக்கு மேல்மாடிக்கு வரவேண்டும் என்கிறார்கள். உங்கள் ஸ்டேஷன் லிஃப்ட் அதிகாரிகளுக்கு மட்டும் என்று வாசலில் எழுதியிருக்கிறது. எனக்கு அறுபத்தெட்டு வயது, அன்றைக்கு மாடி ஏறி இறங்கியதில் முழங்கால் இரண்டும் போய்விட்டது. இதுவரை யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள், ஐயா.