மொட்டைக்கு ஓர் அறை

— உள்ள வாங்க அக்கா. வாசல்ல நின்னு கத்தினா மொட்டை பயந்துக்கும்.

— நாய்க்குப் பேர் வேறயா! நான் ஒண்ணு சொல்றேன் கேளு டெய்லரம்மா. மாடி அறையை உனக்குத்தான் வாடகைக்கு விட்டேன், சொறிநாய்க்கு இல்ல. பொழுது சாயறதுக்குள்ள அது வெளிய போயிடணும்.

— போகாது.

— அப்ப நீயும் மூட்டையைக் கட்டு. அவர் சொல்லச் சொன்னது அதுதான்.

— சொல்லச் சொன்னாரா? ஏன், ஐயாவுக்குப் படியேறத் தெரியாதா? பொம்பளைங்க ரெண்டு பேரையும் மோத விட்டுட்டு அவர் கீழ பேப்பர் படிக்கிறாராக்கும்!

— அவரை இழுக்காத. மண்ணெண்ணெயை ஊத்தித் துரத்துறேன்னு டப்பாவோட கிளம்பினார். நான்தான் காலைக் கையைப் பிடிச்சு நிறுத்திட்டு வந்தேன்.

— ஊத்திப் பார்க்கச் சொல்லுங்க! உடம்பு பூரா புண்ணா இருக்கற வாயில்லா ஜீவன் மேல மண்ணெண்ணெயா? அந்த டப்பாவை அவர் தலையிலயே கவுத்துடுவேன். நான் வாடகைக்கு இருக்கேன், அடிமையா இல்ல.

— அம்மாடி, என்ன வாய்! இங்க பாரு என் கையை. முழங்கை மடிப்புல சிவப்பு சிவப்பா. வயித்துலயும் இருக்கு. சொறிஞ்சு சொறிஞ்சு தூக்கமே இல்ல. உன் நாய் குடுத்த வெகுமதி! இதைப் பார்த்துட்டுத்தான் அவர் குதிக்கிறார்.

— காட்டுங்க... ஆமா, எனக்கும் இதேதான் வந்துச்சு. பயப்படாதீங்க. அந்தப் பூச்சி மனுஷத் தோல்ல குடித்தனம் பண்ணாதாம். நாய்க்கு ஆறிட்டா நமக்கும் தானா அடங்கிடும்னு டாக்டர் சொன்னார்.

— பூச்சியா?

— இதோட தோலைச் சுரண்டி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில வெச்சுக் காட்டினார். எட்டுக் காலோட இத்துனூண்டு. தோலுக்குள்ள குடைஞ்சுக்கிட்டே போகுமாம். இப்பதான் மருந்து கேக்க ஆரம்பிச்சிருக்கு. காது ஓரம் முடி முளைக்குது பாருங்க. இந்த நேரத்துல தெருவுல விட்டா பட்ட பாடெல்லாம் வீண். விட மாட்டேன்.

— நல்லா முளைக்கட்டும். ஆனா மாடியில இருக்கற பூச்சி படியிறங்கி எங்கிட்ட வந்தாச்சே!

— அதுதான் அக்கா எனக்கும் விளங்கல. அது பறந்து வராது. நாயை மேல போட்டுக் கொஞ்சினாத்தான் ஒட்டும். நான் தையல் கம்பெனிக்குப் போகும்போது அறையைப் பூட்டிட்டுப் போறேன். வெளிய கொண்டுபோகணும்னாலும் போர்வையில சுத்தி நான்தான் தூக்கிட்டுப் போறேன். இது கால் உங்க படியில பட்டதே இல்ல.

— எனக்கென்ன தெரியும்? காத்துல வந்திருக்கும்.

— மாத்துச் சாவி யார்கிட்ட இருக்கு?

— வீட்டுக்காரின்னா சாவி இருக்கத்தான் செய்யும்.

— முழங்கை மடிப்பு. வயிறு. மடியில போட்டுத் தலையைத் தாங்கிக்கிட்டா படற இடம்.

— ஏய்...

— பயந்துக்கும்னு சொன்னேனே, பாருங்க, உங்களைக் கண்டதும் எழுந்து வாலாட்டுது. என்னைப் பார்த்து வாலாட்ட எவ்வளவு நாளாச்சு தெரியுமா?

— மெதுவாப் பேசுடி! மத்தியானமெல்லாம் அழுதுச்சு. கீழ உட்கார்ந்து எவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டிருக்கறது? பிஸ்கெட்டைப் பால்ல நனைச்சுக் குடுத்தேன், மடியிலயே தூங்கிடுச்சு. அப்புறம் தினமும் வர ஆரம்பிச்சேன். கீழ வீட்டுல என்கிட்ட வந்து உட்கார வேற யாரு இருக்கா?

— பின்ன எதுக்கு அதைத் துரத்த வந்தீங்க?

— அவர் சொன்னா செஞ்சுதான் பழக்கம்.

— அவர் சும்மா இருக்கறதாத் தெரியலயே. செருப்புச் சத்தம் கேக்குதா? படியேறி வர்றார். மண்ணெண்ணெய் வாடையும் வருது. தள்ளுங்க, நான் பார்த்துக்கறேன்.

— நீ சும்மா இரு. அதைத் தூக்கிக்கிட்டு உள்ள போ. கதவைத் தாழ் போட்டுக்கோ.

— அக்கா, நீங்க?

— நான் வெளியதான் நிப்பேன்... என்னங்க! அந்தப் படியிலயே நில்லுங்க. டப்பாவைக் கீழ வைங்க. அது டெய்லரம்மா நாய் இல்ல, என்னோடது.