தலை விழுந்தா ஆமா

இல்ல சார், இந்த சர்வே பதிலெல்லாம் வீட்ல உக்காந்து நானா எழுதினது இல்ல. அறுபது வீடும் படியேறிப் போய்க் கேட்டதுதான். ஏறி இறங்கினது என் முட்டிக்குத் தெரியும்.

தெரியும் சார், எத்தன தடவதான் சொல்லுவீங்க. டப்பாவுக்குள்ள காசு. பதில் சொல்ற அம்மாவே குலுக்கி, அவங்களே மூடியத் தொறந்து பார்க்கணும், நான் எட்டிப் பார்க்கக் கூடாது. தலை விழுந்தா கண்ண மூடிட்டு ஆமான்னு சொல்லணும். பூ விழுந்தா, போன ஒரு வருஷத்துல புருஷன் அடிச்சாரா இல்லையான்னு நெஜத்தச் சொல்லணும். எந்த ஆமா காசோடது, எந்த ஆமா அடியோடதுன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. பாதிப் பேருக்குத் தலை விழும்கிறதால அறுபதுல முப்பது ஆமா எப்படியும் வந்துடணும், அதுக்கு மேல வர்றத வெச்சுத்தான் நெஜம் தெரியும். நான் கொண்டாந்தது மொத்தமே நாலு. அதனால நான் ஃபிராடு. அப்படித்தான?

ஃபிராடா இருந்தா நாலா சார் போடுவேன்? உங்க மனசு குளிர முப்பத்தெட்டு போட்டுட்டு, வெயில்ல அலையாம தூங்கியிருக்க மாட்டேனா?

உங்க முறைய நான் கொற சொல்லல. இந்த ரூமுக்குள்ள நல்லாத்தான் இருக்கு. அந்த மாடி வீட்டுத் தையல்காரம்மா மூடியத் தொறந்து பார்த்தாங்க, மொகம் மாறுச்சு, படக்குனு மூடிட்டாங்க. இல்லன்னாங்க. காசு சொல்லச் சொன்னா சொல்லிடுங்கம்மா, உங்க மேல ஒண்ணும் வராதுன்னேன். அது காசு சொன்னதுன்னு உள்ள படுத்திருக்கிறவருக்கு எப்படிம்மா தெரியும்னாங்க. உங்களுக்குத்தான் சார் அது காசு சொன்ன ஆமா. கதவுக்குப் பின்னால காத குடுத்துட்டிருக்கிற ஆளுக்கு அது வெறும் ஆமாதான்.

அந்தச் சிவப்புப் பேனாவக் கீழ வைங்க சார், கோவம் கோவமா வருது. அறுபதையும் அடிச்சிட்டா அந்தத் தெருவே கணக்குல இல்லாமப் போயிடும். அங்க உதவி மையமெல்லாம் எதுக்குன்னு மேல எழுதி மூடிடுவாங்க. தலை விழுந்த முப்பது பேர்ல இருபத்தாறு பேருக்காவது ஆமான்னு சொல்ல வாய் வரலன்னா, அதுவும் ஒரு கணக்குதான? அத எழுதுங்களேன்.

என்ன சார், வெறும் காசுக்கு யாரு அவ்ளோ பயப்படுவாங்கன்னா கேக்குறீங்க?

சரி. மொதல்ல அந்த ஜன்னலச் சாத்துங்க, கீழ என் வீட்டுக்காரர் வண்டியோட நிக்கிறாரு. ஆமா, அவருதான், தெனமும் கொண்டாந்து விட்டுக் கூட்டிட்டுப் போறாரேன்னு நீங்ககூட மெச்சிக்கிட்டீங்க. பயிற்சி அன்னிக்கும் அங்கயேதான் நின்னாரு. பழகிக்கங்கன்னு எங்க பன்னெண்டு பேருக்கும் டப்பாவக் குடுத்து, இதே கேள்விக்குப் பேர் போடாத சீட்டுல பதில் எழுதச் சொன்னீங்கல்ல. எனக்குத் தலை விழுந்துச்சு. இல்லன்னு எழுதிக் குடுத்தேன். பூ விழுந்திருந்தாலும் நான் ஆமான்னுதான் சார் எழுதியிருக்கணும்.